வாங்கிக்கொள்ளாத வாள்

குங்ஃபூ படப் பைத்தியங்கள் கூடும் இடத்தில் 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்' பற்றிப் பேச்சு வந்தால், யாராவது ஒருவர் கட்டாயம் இதைச் சொல்வார்: "அதுல ஒருத்தர்கூடச் சாகமாட்டாங்க, கவனிச்சீங்களா?" கவனித்தேன். 1978-இல் ஹாங்காங்கின் ஷாவ் பிரதர்ஸ் எடுத்த படம். லாவ் கார்-லியுங் இயக்கம், கார்டன் லியு நாயகன். ஒரு சீன இளைஞனோடு ஏழு ஜப்பானிய வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக மோதுகிறார்கள். மோதிய எல்லோரும் உயிரோடு ஊர் திரும்புகிறார்கள். அந்தக் காலத்து ஹாங்காங் படத்தில் இது அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் ஏதோ நெருடுகிறது. ஆளைக் கொல்லாமல் விட்டதையே பெருந்தன்மை என்று சொல்கிற அளவுக்கு நம் எதிர்பார்ப்பு தேய்ந்துபோய்விட்டதா? என் கணக்கில் இந்தப் படத்தின் துணிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது: முதல் சண்டை முடிந்த கையோடு வரும் ஒரு சின்னக் காட்சியில். பலர் அதைக் கதைக்கான ஒரு திருப்பம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதைத் தாண்ட முடியவில்லை.

அந்தக் காட்சியின் கனம் புரிய, அதற்கு முன்னால் ஹாங்காங் திரையில் ஜப்பானியர் எப்படி வந்துபோனார்கள் என்று ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம். 1970-இல் வாங் யூ நடித்த 'தி சைனீஸ் பாக்சர்': கராத்தேக்காரர்கள் ஊருக்குள் புகுந்து ஒரு பள்ளியையே நாசம் செய்கிறார்கள், நாயகன் பழி வாங்குகிறான். 1972-இல் புரூஸ் லீயின் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி'. அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதியில்லை என்று பூங்கா வாசலில் தொங்கும் பலகையை அவர் எகிறி உதைத்து நொறுக்கும் காட்சியை, முழுப் படத்தையும் பார்க்காதவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள். அந்த ஆத்திரத்துக்கு நியாயம் இருந்தது. ஹாங்காங் 1941 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானியரிடம் சரணடைந்து, 1945 ஆகஸ்ட் வரை அவர்கள் பிடியில் கிடந்த ஊர். தியேட்டரில் உட்கார்ந்து கைதட்டியவர்களில் பாதிப் பேருடைய வீட்டில் அந்த நாட்களின் கதை ஏதாவது ஒன்று இருந்திருக்கும். லாவ் கார்-லியுங்கும் அதற்கு வெளியே நின்றவர் அல்ல. 1930-களில் குவாங்சோவில் பிறந்தவர். அந்த நகரம் 1938 அக்டோபரிலேயே ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது.

ஆக, ஜப்பானியரை வைத்து இன்னொரு பழிவாங்கும் படம் எடுக்க அவருக்குக் காரணமும் இருந்தது, சந்தையும் இருந்தது. அவர் எடுத்தது ஒரு கல்யாணக் கதை. சீன மொழித் தலைப்பே கிட்டத்தட்ட 'சீனக் கணவன்' என்றுதான் வரும்.

கல்யாணத்தில் தொடங்கிய வம்பு

நாயகன் ஹோ டாவ் பணக்கார வீட்டுப் பையன். அப்பாவுக்கும் ஒரு ஜப்பானிய வியாபாரிக்கும் பழைய தொடர்பு; இரு வீட்டுக்கும் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள். பையனுக்கு விருப்பமில்லை, உடம்பு சரியில்லை என்று நடிக்கிறான். பெண் அழகாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் நோய் பறந்துவிடுகிறது. நம் ஊர்ப் படங்களில் ஆயிரம் முறை பார்த்த விஷயம்தான், அதனால் சிரிப்பு சுலபமாக வரும். யுகா மிசுனோ நடித்த அந்த யுமிகோ, கல்யாணமாகி வந்த கையோடு முற்றத்தில் இறங்கிக் கராத்தே பயிற்சியை ஆரம்பிக்கிறாள். அவள் கை பட்ட இடமெல்லாம் உடைகிறது. வேலைக்காரர்கள் ஒளிந்து நின்று பார்க்கிறார்கள். கணவனும் குங்ஃபூ கற்றவன். ஆனால் அவனுக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. பெண் பிள்ளை இப்படிக் கத்திக்கொண்டு குதிக்கலாமா, உடை விலகுகிறதே, சீனத்தில் பெண்களுக்கென்றே நளினமான முறைகள் இருக்கின்றனவே என்று ஆரம்பிக்கிறான். அவள் விடுவதாக இல்லை. உன் முறை பெரிதா என் முறை பெரிதா என்று ஒவ்வொரு ஆயுதமாக எடுத்து வீட்டுக்குள்ளேயே மோதிப் பார்க்கிறார்கள்.

இந்த முதல் பாதி எனக்கு மிகவும் பிடிக்கும். காரணம் சண்டை வேகம் இல்லை. லாவின் பிற படங்களில் இதைவிட வேகமான சண்டைகள் உண்டு. இங்கே ஒவ்வொரு அடியும் குடும்பச் சண்டையின் ஒரு வாக்கியம் போலவே வருகிறது. அவன் ஜெயிக்கும்போது முகத்தில் ஒரு அசட்டுப் பெருமை. அவள் தோற்கும்போது முகத்தில் தெரிவது அவமானம் இல்லை, எரிச்சல். நியாயமான எரிச்சல்தான்: புதுமணப் பெண், அந்நிய ஊர், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை, தனக்கென்று கொண்டுவந்த ஒரே சொத்து இந்தக் கலை, அதையும் இவன் மட்டம் தட்டுகிறான். கடைசியில் அவள் நிஞ்ஜா வித்தையை எடுக்கிறாள். ஒளிந்து நின்று எறிவது, புகையைக் கிளப்புவது எல்லாம் வீரமே இல்லை, திருட்டுத்தனம் என்று அவன் சொல்லிவிடுகிறான். அவள் மூட்டை கட்டிக்கொண்டு ஜப்பானுக்குக் கிளம்புகிறாள். சுருக்கமாகச் சொன்னால், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். நடுவில் கடல் இருப்பதுதான் வித்தியாசம்.

இந்த இடத்தில் அவன் செய்யும் காரியம் இருக்கிறதே! மனைவியைத் திரும்ப வரவழைக்கச் சமாதானமாக எழுதினால் வேலைக்காகாது, சீண்டினால்தான் வருவாள் என்று கணக்குப் போட்டு, சீனக் கலையின் முன் ஜப்பானியக் கலை நிற்காது, துணிவிருந்தால் வந்து மோதிப் பார் என்கிற தோரணையில் ஒரு சவால் கடிதம் அனுப்புகிறான். கணவன் மனைவிக்கு இடையில் மட்டும் அர்த்தமாகும் சீண்டல். அது அவளுடைய குருவின் கையிலும், சிறு வயதுத் தோழன் டகேனோவின் கையிலும் சிக்குகிறது. அவர்கள் அதில் படித்தது ஒரு தேசத்தின் கலைகள் மொத்தத்துக்கும் விடுக்கப்பட்ட அவமதிப்பை. வாள், கராத்தே, ஈட்டி, நுஞ்சாக்கு (சங்கிலியால் இணைத்த இரட்டைக் கோல்), சாய் (முக்கூர்க் குத்துக்கோல்), ஜூடோ, நிஞ்ஜா வித்தை என்று ஒவ்வொன்றிலும் கைதேர்ந்தவர்கள் கப்பல் ஏறி வந்து இறங்குகிறார்கள். வீட்டுச் சண்டை தெருச் சண்டையாகி, தெருச் சண்டை இரு நாட்டுச் சண்டையாகிவிட்டது. படத்தில் இதற்கெல்லாம் ஒரு வில்லன்கூடக் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். யாருக்கும் யார் மீதும் கெட்ட எண்ணம் இல்லை.

மண்டியிட்டவர் நீட்டியது

முதல் மோதல் வாளோடு. இரண்டு கைகளால் பிடிக்கும் வளைந்த, ஒரு பக்கம் மட்டும் கூரான கட்டானா ஒரு பக்கம்; ஒற்றைக் கையில் சுழலும், இரு பக்கமும் கூரான நேர் வாள் மறுபக்கம். இரண்டும் வாள்தான், ஆனால் பிடிக்கிறவனின் உடம்பையே வேறு வேறு விதமாக நிறுத்தி வைக்கிற வாள்கள். கட்டானாக்காரர் இடுப்பைத் தாழ்த்தி, காத்திருந்து, ஒரே வெட்டில் கதையை முடிக்கப் பார்க்கிறார். ஹோ டாவ் மணிக்கட்டைச் சுழற்றி, குத்தி, விலகி, மறுபடி குத்துகிறான். ஒருவர் பொறுமை இன்னொருவருக்குச் சோம்பல் போலத் தெரிகிறது. ஒருவர் துறுதுறுப்பு இன்னொருவருக்கு அலட்டல் போலத் தெரிகிறது. ஹோ டாவ் ஜெயிக்கிறான். தோற்றவர் தன் வாளை வெற்றியாளரிடம் நீட்டுகிறார். ஹோ டாவ் அதை வாங்கிக்கொள்ள மறுத்துவிடுகிறான்.

அவ்வளவுதான் காட்சி. அவனுக்கு அந்த வழக்கம் தெரியாது. 'உன் வாள் எனக்கு எதற்கு, நீயே வைத்துக்கொள்' என்பதுபோலத்தான் அவன் முகம் இருக்கிறது. தன் கணக்கில் அவன் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொள்கிறான். எதிர்த் தரப்புக்கோ அது அறைந்த மாதிரி இருக்கிறது. தோல்வியை ஒப்புக்கொண்டு, தன் உயிருக்குச் சமமான பொருளை நீட்டுகிற ஒருவரைப் பார்த்து, 'உன் தோல்வியைக்கூட நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லிவிட்டுப் போனதாக அவர்கள் அதைப் படிக்கிறார்கள். கடிதத்தோடு ஓய்ந்திருக்க வேண்டிய கோபம் இரட்டிப்பாகிறது.

நான் இதைத் துணிச்சல் என்று சொல்வது ஏன் என்றால், தவறு எந்தப் பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 1978-இல், ஹாங்காங்கில், சீனப் பார்வையாளர்களுக்காக எடுத்த படத்தில், நாகரிகம் தெரியாதவன் சீன நாயகன். அவன் கெட்டவன் அல்ல, கோழையும் அல்ல. ஆயுதத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவன், அதைப் பிடித்திருக்கும் ஆளைப் பற்றி ஒன்றுமே தெரியாதவன். முதல் பாதியில் மனைவியிடம் அவன் செய்ததும் இதே தவறுதான். அவளுடைய கராத்தேயின் ஒவ்வொரு அடியையும் எப்படித் தடுப்பது என்று அவனுக்குத் தெரியும். அவள் ஏன் அதைக் காலையில் எழுந்ததும் செய்கிறாள் என்று ஒரு முறைகூட அவன் கேட்கவில்லை. வாள் காட்சியில் இதே குருட்டுத்தனம் வீட்டுக்கு வெளியே, எல்லோர் கண் முன்னாலும் நடக்கிறது. 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி'யில் நம் ஆளுக்கு அவமானம் நேர்ந்தது, நாம் கொதித்தோம். இங்கே நம் ஆள் அவமானப்படுத்துகிறான், அதுவும் தெரியாமலே. பார்வையாளன் யார் பக்கம் நின்று கொதிப்பது? லாவ் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, உடனே அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறார். நின்று பாடம் எடுப்பதில்லை. அதுவும் எனக்குப் பிடித்த விஷயம்.

லாவ் இப்படி யோசித்ததற்கு ஒரு பின்புலம் உண்டு. குங்ஃபூ அவருக்குத் தொழில் மட்டும் இல்லை, வீட்டுச் சொத்து. புகழ்பெற்ற குங்ஃபூ குரு வாங் ஃபே-ஹுங்கின் சீடர் லாம் சாய்-விங். லாம் சாய்-விங்கின் சீடர் லாவ் சாம். லாவ் சாமின் மகன் இவர். ஹுங் கர் என்கிற குங்ஃபூ முறை அப்படிக் கை மாறி வந்தது. கார்டன் லியுவும் பிறப்பால் லாவ் குடும்பம் அல்ல. லாவ் சாம் அரவணைத்துக்கொண்டதால் அந்தக் குடும்பப் பெயரை ஏற்றவர். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவருக்கு, ஒரு குருவின் ஆயுதம் என்றால் என்ன, தோல்வியை எப்படி ஒப்புக்கொள்ள வேண்டும், ஜெயித்தவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் திரைக்கதை உத்திகளாகத் தோன்றியிருக்காது. அதற்கு முன்பு அவர் பல ஆண்டுகள் சாங் செ என்ற இயக்குநரின் படங்களுக்குச் சண்டை அமைத்துக் கொடுத்தவர். சாங் செ படத்தில் நாயகன் வெற்று மார்போடு, வயிற்றில் கத்தி பாய்ந்த நிலையிலும் நாலு பேரைச் சாய்த்துவிட்டுத்தான் சாவான். இரத்தம் ஓடவில்லையென்றால் அது முடிவே இல்லை. 1975-இல் தனியாக இயக்கத் தொடங்கிய பிறகு லாவ் அதிலிருந்து மெல்ல விலகுகிறார். 1981-இல் அவர் எடுத்த 'மார்ஷியல் கிளப்' படத்தின் கடைசிச் சண்டையும், குறுகிக்கொண்டே போகும் ஒரு சந்துக்குள் நடந்து, பரஸ்பர மரியாதையோடுதான் முடியும்.

ஆயுதங்களின் பேச்சு

இரண்டாம் பாதியின் சண்டைகளை வரிசையாக விவரிக்கப் போவதில்லை; பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று விஷயம் மட்டும்.

கராத்தேக்காரரைச் சமாளிக்க ஹோ டாவ் குடிபோதை முறையைக் கற்க வேண்டியிருக்கிறது. அதைத் தெரிந்த பெரியவர் கற்றுத் தருகிற ரகம் இல்லை. அதனால் அவரை வம்புக்கு இழுத்துச் சண்டை போட வைத்து, அந்தத் தள்ளாட்டத்தை இவன் தள்ளி நின்று பார்த்தே பிடித்துக்கொள்கிறான். அந்தப் பெரியவராக வருவது லாவ் கார்-லியுங்கேதான். அதே 1978-இல்தான் ஜாக்கி சானின் 'ட்ரங்கன் மாஸ்டர்' வந்து சக்கைப்போடு போட்டது. ஒரே ஆண்டில் இரண்டு குடிகாரக் குருமார். எனக்கு லாவின் தள்ளாட்டம் ஒரு படி மேல். ஜாக்கியிடம் சர்க்கஸ் தெரியும். லாவிடம் விழப்போகிற உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பது தெரியும்.

நுஞ்சாக்கு வரும் இடத்தில் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். இங்கே அது ஜப்பானியர் கையில் இருக்கிறது. ஹோ டாவ் மூன்று துண்டுக் கோலால் அதை எதிர்கொள்கிறான். ஆனால் உலகத்துக்கே நுஞ்சாக்குவைச் சீன வீரத்தின் அடையாளமாகக் காட்டியவர் புரூஸ் லீ. 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி'யில் ஜப்பானியப் பயிற்சிக்கூடமான டோஜோவுக்குள் தனியாளாகப் புகுந்து அவர் ஜப்பானியரை அடிப்பது, ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவின் மரபில் வளர்ந்த அதே ஆயுதத்தால்தான். அதை அவருக்குப் பழக்கியவர் பிலிப்பினோ வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கரான டான் இனோசான்டோ. கேமராவுக்குப் பின்னாலும் இதே கதைதான். ஷாவ் பிரதர்ஸ் ஜப்பானிலிருந்து ஆட்களை வரவழைத்துத்தான் வண்ணப் படம் எடுக்கும் நுட்பங்களைத் தேற்றிக்கொண்டது. 1966-இல் இயக்குநர் கிங் ஹூவின் 'கம் ட்ரிங்க் வித் மி' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த நிஷிமோட்டோ தடாஷி ஜப்பானியர். 1972-இல் புரூஸ் லீயே இயக்கிய 'வே ஆஃப் தி டிராகன்' படத்துக்கும் அவர்தான் கேமரா. திரையில் பகை, படப்பிடிப்பில் கூட்டு. இதைப் படமெடுக்கிறவர்கள் எல்லோரும் அறிந்திருந்தார்கள். பார்க்கிறவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் ஈட்டி. ஏழிலும் எனக்குப் பிடித்த மோதல் இதுதான். சீன ஈட்டியின் தண்டு வளையும். வெள்ளையாக இருக்கும் ஒரு மரத்தில் செய்வார்கள். ஓங்கி உதறினால் நுனி துடிக்கும். கூர் முனைக்குக் கீழே சிவப்புக் குஞ்சம் கட்டியிருக்கும். எதிராளியின் கண்ணைக் குழப்பவும், குத்தும்போது இரத்தம் தண்டில் வழிந்து கை வழுக்காமல் இருக்கவும் அது. அடிப்படை அசைவு மூன்றுதான்: வெளிப்பக்கம் ஒரு சுழற்று, உட்பக்கம் ஒரு சுழற்று, ஒரு குத்து. இந்த மூன்றையும் வருடக்கணக்கில் செய்யச் சொல்வார்கள். ஜப்பானிய ஈட்டியின் தண்டு கெட்டி மரம், வளையாது. தள்ளினால் தள்ளிய இடத்துக்கு நேராகப் போகும். இந்த இரண்டும் மோதும்போது, எது மேல் என்ற கேள்வியே அபத்தமாகத் தோன்றும். வளையும் தண்டுக்கு வளைவதே பலம், வளையாத தண்டுக்கு வளையாததே பலம். நடிகர்களின் முகத்தைவிட அந்த இரண்டு மரங்களைத்தான் கேமரா அக்கறையோடு பார்க்கிறது.

எல்லாம் எங்களிடமிருந்து போனது

ஹோ டாவுக்கு அடிமனதில் இருப்பது இந்த நினைப்புதான்: எங்களுடையது மூத்தது, மூலம் எங்களிடம். வரலாற்றில் அதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. ஒகினாவாவின் ஹிகாவோன்னா கான்ர்யோ 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனத்தின் ஃபுஜோவுக்குப் போய்க் கற்றுத் திரும்பியவர். கோஜு-ர்யூ என்கிற கராத்தே பிரிவு அந்த வழியில் வந்தது. கராத்தே டோக்கியோவில் காலூன்றியதே ஒகினாவாக்காரரான ஃபுனாகோஷி கிச்சின் 1922-இல் அங்கே போய்ச் செய்து காட்டிய பிறகுதான். சரி, வேர் சீனத்தில் இருக்கிறது. அதனால் என்ன? கிளம்பிப் போன கலை போன ஊரில் இன்னொன்றாகிவிட்டது. அதை ஒரு பெண் காலையில் எழுந்து தன் உடம்பில் போட்டுக்கொள்கிறாள். 'அது எங்களுடையது' என்று சொல்லி அவளிடமிருந்து எதைத் திரும்ப வாங்க முடியும்?

இதைத் தமிழில் எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது, ஏனென்றால் அந்த வாக்கியத்தை நம்மைவிட அதிகமாகச் சொல்கிறவர்கள் குறைவு. 2011-இல் 'ஏழாம் அறிவு' வந்த பிறகு, ஷாவோலின் என்று வாயைத் திறந்தாலே போதும், காஞ்சிபுரத்திலிருந்து போதிதர்மர் போய்ச் சீனர்களுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார் என்று யாராவது தொடங்கிவிடுவார்கள். போதிதர்மர் தென்னிந்தியாவின் ஒரு பெரிய அரசருடைய மூன்றாம் மகன் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று உண்டு. 6-ஆம் நூற்றாண்டில் யாங் சுவான்ஜி என்ற சீனர் எழுதியதோ அவரைப் பாரசீகத்துத் துறவி என்கிறது. அவரையும் ஷாவோலின் உடற்பயிற்சியையும் முடிச்சுப் போடும் 'யீஜின் ஜிங்' நூல், அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 17-ஆம் நூற்றாண்டில் வந்தது. டாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் 1930-களிலேயே இதைப் பிரித்துக் காட்டி, சொந்த ஊரில் வசவு வாங்கிக்கொண்டார். ஆக சீனர் ஜப்பானியரிடம் சொல்வதை நாம் சீனரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஹோ டாவின் அசட்டுப் பெருமையைப் பார்த்து நான் சிரிப்பதில் பாதி, பழகிய முகத்தைப் பார்த்த சிரிப்பு.

அக்காவின் கேள்வி

இந்தப் படத்தை ஒரு முறை அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்குச் சண்டைப் படம் ஆகாது; முதல் பாதியின் கல்யாணக் கூத்தில் மாட்டிக்கொண்டு எழுந்திருக்காமல் பார்த்தாள். ஈட்டிச் சண்டை நடக்கும்போது நான் மெய்மறந்து கிடக்க, அவள் கேட்டாள்: "அந்தப் பொண்ண எங்கடா காணோம்?" அப்புறம் அவளாகவே, "பொண்டாட்டியக் கூட்டிட்டு வரக் கப்பல் ஏறிப் போகத் துப்பில்ல, லெட்டர் போட்டானாம். வந்தவங்ககூட மாறி மாறி மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கிறான், அவகிட்ட ஒரு வார்த்த பேசினானா?" என்றாள்.

நான் ஏதோ சமாளித்தேன். யுமிகோ திரும்பி வருகிறாள், நிஞ்ஜாவைச் சமாளிக்கக் கணவனுக்கு உதவுகிறாள் என்றெல்லாம் சொன்னேன். அக்கா "ம்" என்றாள். அந்த 'ம்'முக்குப் பதில் இன்னும் என்னிடம் இல்லை. யார் கலையை அவன் மதிக்கவில்லையோ, யார் பொருட்டு இவ்வளவும் நடந்ததோ, அவள் இரண்டாம் பாதியில் பெரும்பாலும் ஓரமாக நின்று பார்க்கிறாள். வந்திறங்கிய ஆண்களிடம் ஹோ டாவ் மெல்ல மெல்ல மரியாதை கற்றுக்கொள்கிறான். அந்த மரியாதையை முதலில் பெற்றிருக்க வேண்டியவளுக்கு அது சுற்றி வளைத்து, வட்டி இல்லாமல் வந்து சேருகிறது. லாவுக்கும் இது உறுத்தியதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் 1981-இல் 'மை யங் ஆன்ட்டி' என்று ஒரு முழுப் படத்தையும் நடிகை காரா ஹுய் தோளில் தூக்கி வைத்தார் அவர். அடுத்த ஆண்டு தொடங்கிய ஹாங்காங் திரைப்பட விருதுகளில் முதல் சிறந்த நடிகை விருது அந்தப் படத்துக்காக அவருக்குத்தான் போனது.

டகேனோவாக நடித்த யசுவாக்கி குராத்தாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1970-களின் தொடக்கத்திலிருந்து ஹாங்காங் படங்களில் வில்லனாக வந்து அடிவாங்கியே பழகிப்போனவர் அவர். இந்தப் படத்தில்தான் அவருக்கு மூளையும் மானமும் உள்ள ஒரு பாத்திரம் கிடைத்தது. கடைசி மோதலில் நண்டு போல அவர் நகர்வதும், ஹோ டாவ் கொக்கு முறையில் அதை எதிர்கொள்வதும் வேடிக்கையாகத் தொடங்கி, பார்க்கப் பார்க்க வேடிக்கை போய்விடும். 1994-இல் ஜெட் லீ நடித்த 'ஃபிஸ்ட் ஆஃப் லெஜெண்ட்' வந்தது. புரூஸ் லீயின் அதே பழைய கதையை மறுபடி எடுத்தார்கள். இந்த முறை நாயகனுக்கு ஒரு ஜப்பானியக் காதலி, அவனோடு கண்ணைக் கட்டிக்கொண்டு மோதி, அவனுக்குப் புத்தியும் சொல்லிவிட்டுப் போகும் ஒரு ஜப்பானியப் பெரியவர். அந்தப் பெரியவர் குராத்தா. பலகையை உதைத்த கதைக்குள்ளேயே 22 ஆண்டு கழித்து இப்படி ஒரு ஆள் நுழைய முடிந்ததென்றால், அதற்கான கதவைத் திறந்தது 1978-இன் இந்தக் கல்யாணக் கதை என்பது என் கட்சி.

அப்படியிருந்தும் ஒரு குறை மிச்சமிருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் வெறும் பாராட்டாகிவிடும். எல்லாச் சண்டையிலும் சீனப் பக்கம்தான் கை ஓங்குகிறது. மரியாதை இரு பக்கமும், வெற்றி ஒரே பக்கம். தயாரிப்பாளருக்காக, டிக்கெட் வாங்கியவருக்காக என்று காரணம் சொல்லலாம், புரிகிறது. நான் எடுத்திருந்தால் ஒரே ஒருவரை ஜெயிக்க விட்டிருப்பேன்: ஈட்டிக்காரரை. இருவர் கையிலும் ஒரே ஆயுதம், எந்தத் தண்டு உசத்தி என்று படமே தீர்ப்புச் சொல்லத் தயங்கும் இடம் அது. அங்கே ஹோ டாவ் தோற்றிருந்தால், அடுத்து என்ன செய்வது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. சிவப்புக் குஞ்சம் கட்டிய அந்த ஈட்டியை இரு கையாலும் எடுத்து ஜெயித்தவரிடம் நீட்ட வேண்டும். அவர் வாங்கிக்கொள்வாரா மாட்டாரா என்று காத்து நிற்க வேண்டும். அந்த ஒரு நிலையில் மட்டும் லாவ் கார்-லியுங் தன் நாயகனை நிறுத்தவே இல்லை. மற்ற எல்லாத் துணிச்சலும் அவரிடம் இருந்தது.